ஒரே சோர்ஸ், வேறு வேறு கணினி
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சு என்னுடையது. ஆகவே சுருக்கமாக முடித்து விடுகிறேன்.

திறந்த மூல மென்பொருளை எப்படி இன்ஸ்டால் செய்கிறீர்கள் என்று காலையில் மாணவர்களைக் கேட்டேன். "ஒரு பட்டனைத் தட்டினா வந்துடும் சார்" என்றார்கள். நல்ல வசதிதான். நாங்கள் சோர்ஸை எடுத்து கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று கட்டளை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வந்தால் திரை முழுக்க எர்ரர்!

மேக், 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. கட்டளை வரிக்கு முன்னால் டேப் வேண்டும். ஸ்பேஸ் விட்டால் சண்டித்தனம் பண்ணும். மாற்றலாம் என்று பார்த்தாராம். அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டதால் விட்டுவிட்டாராம். அந்த டஜன் பேருக்காக நாம் இன்னும் அவதிப்படுகிறோம்.

கான்ஃபிகர் வேறு ரகம். 1991-ல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் உண்டாக்கித் தருவது. லினக்ஸ், சோலாரிஸ் என்ற பெயரை மட்டும் நம்பாது. குட்டிக் குட்டி நிரல்களை அங்கேயே கம்பைல் செய்து, இந்த ஹெடர் இருக்கா, அந்த ஃபங்ஷன் இருக்கா என்று பார்க்கும். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரி. ஆனால் எல்லாவற்றையும் விசாரிக்காது. அங்கேதான் நான் விழுந்தேன்.

ஒரு திறந்த மூல நிரலில் எங்கள் தேவைக்காக நாற்பது வரி நானே சேர்த்திருந்தேன். இன்டெல் கணினியில் லினக்ஸிலும் ஓடியது, விண்டோஸிலும் ஓடியது. பிறகு ஏஆர்எம் சிப் வைத்த சிறு போர்டுகளில் லினக்ஸ் போட்டு, அதே சோர்ஸைக் கம்பைல் செய்தோம். ஒரு எர்ரர்கூட இல்லை. காலையில் வந்து பார்த்தால், ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடி டிஸ்க்கை நிரப்பியிருந்தது.

இன்ஸ்டால் செய்தது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன். "எதையோ சொதப்பிட்டியேப்பா" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவன் பதில் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளை என் மேஜையில் வைத்தான். ஒரு வரியில் பென்சில் வட்டம். நான் எழுதிய வரி.

விஷயம் இதுதான். சி மொழியில் கோப்பு முடிந்ததும் கெட்கேர் பொதுவாக -1 தரும். அதை இன்டிஜரில் வாங்க வேண்டும்; நான் கேரக்டரில் வாங்கியிருந்தேன். கேரக்டருக்கு மைனஸ் உண்டா இல்லையா என்பதை சி மொழியின் விதி கம்பைலரிடமே விட்டுவிட்டது. இன்டெலில் உண்டு. ஏஆர்எம் லினக்ஸில் கிடையாது. -1 அங்கே 255 ஆகிவிடும், கோப்பு முடியவே முடியாது. வேடிக்கை பாருங்கள், ஆப்பிள் மேக்கில் இருப்பதும் ஏஆர்எம் சிப்தான், அங்கே மைனஸ் உண்டு!

இன்டெலில் மட்டும் என் வரி சரியா என்றால் அதுவும் இல்லை. நிஜமாகவே 255 என்ற பைட் வந்தால் பாதியிலேயே நின்றிருக்கும். எங்கள் கோப்புகள் யூடிஎஃப்-8. அதில் அந்த பைட் வராது. அதனால் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

திட்டியது எல்லார் முன்னாலும். மன்னிப்பும் அப்படியே கேட்டேன். "பரவால்ல சார், டிஸ்க்தானே" என்றான். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் போர்டுகளில் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். நாற்பது வரியும் திருத்தாமல் அதில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு கணினி ஆய்வகத்தில்தான் இருப்பேன். விருப்பமுள்ள மாணவர்கள் வந்து கம்பைல் செய்து பாருங்கள்.