துணிக்கடையோட ரெண்டு ரம்ஜான் எங்க போச்சு?

(இணையவழிக் கூட்டத்தில் நம் ஐடி விங் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊரடங்கு நேரத்துல எங்க தெரு ஜவுளிக்கடை அண்ணனுக்காகப் புடவைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுக் கொடுத்தேன். "கலர் நேர்லயும் இப்படித்தான் இருக்குமா?"ன்னு கேட்பாங்க, அதோட சரி. தொட்டுப் பார்க்காம நம்ம ஊர்ல யாருங்க புடவை எடுப்பாங்க?

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஃப்ரிட்ஜ் வாங்க நினைச்சவர் மூணு மாசம் கழிச்சும் வாங்குவார். ரம்ஜானுக்கு எடுக்காத சட்டையை ஆகஸ்ட்ல போய் யாரும் எடுக்க மாட்டாங்க. போன சீசன் போனதுதான்.

👉 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144. சித்திரை, வைகாசி முகூர்த்த வியாபாரம் படுத்தது. மே 25 ரம்ஜான் அன்னிக்கும் பெரிய ஜவுளிக்கடைகள் பூட்டியே கிடந்தன. ஜூனில் திறந்தாலும் ஏசி போடக் கூடாது. சென்னையில் ஜூன் 19 மறுபடி முழு ஊரடங்கு.

👉 2021 ஏப்ரல் 26 முதல் மால்களும் பெரிய கடைகளும் மூடல். மே 10 முழு ஊரடங்கு. மே 14 ரம்ஜான்! சென்னையில் துணிக்கடை திறந்தது ஜூன் 28. கல்யாணத்துக்கு 50 பேர்தான்னா, சொந்தபந்தத்துக்கு எடுக்கிற துணி எங்கே?

ஊரடங்கே தப்புன்னு நான் சொல்ல வரல. உயிர்தான் முதல்ல. ஆனா அதுக்கான விலையை யார் கொடுத்தாங்க?

வங்கித் தவணையை 2020 ஆகஸ்ட் 31 வரை தள்ளி வெச்சாங்க. வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்தது. ஒன்றிய அரசு அறிவிச்ச 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டம், ஏற்கெனவே கடன் நிலுவை வெச்சிருந்தவங்களுக்குத்தான். ஈரோட்டுலயும் சூரத்துலயும் கைக்கடனுக்குச் சரக்கு எடுத்த சின்னக் கடைக்காரர் இந்த ரெண்டு கணக்குலயும் வரல. நாள் முழுக்க நின்னு துணி விரிச்சுக் காட்டுற சேல்ஸ் அக்கா, அண்ணன் எந்தக் கணக்குலயுமே இல்ல.

இதுக்கு நடுவுல, 1,000 ரூபாய்க்குள்ள இருக்கிற துணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆகும், 2022 ஜனவரி 1 முதல் அமல்னு அறிவிச்சாங்க. எதிர்ப்பு கிளம்புச்சு. டிசம்பர் 31 அன்னிக்கு, கடைசி நாள்ல, நிறுத்தி வெச்சாங்க. குரல் கொடுத்தா நடக்கும்ங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

அதனால நம்ம கோரிக்கை ரெண்டே ரெண்டு. அடுத்த முறை கடையை மூடச் சொல்ற அதே ஆணையிலேயே ஊழியர் சம்பளத்துக்கும் வழி இருக்கணும். வங்கிக் கடன் இல்லாத சின்னக் கடைக்கும் உதவி போய்ச் சேரணும்.

உங்க ஊர்க் கடைத்தெருவுல என்ன நடந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அப்புறம், அடுத்த பண்டிகைத் துணியைத் தெருமுனைக் கடையில எடுங்க.



#சிறுவணிகர்_பக்கம்_நிற்போம்