சுண்டெலிக்கு அப்பால்

முகமன் உரைகள் நிறையக் கேட்டுவிட்டீர்கள். நேரே பொருளுக்கு வருகிறேன்.

1993இல் மெர்க் நிறுவனத்தின் ஆய்வுக் குழு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையை இங்கு எல்லோரும் படித்திருப்பீர்கள். 1934ஆம் ஆண்டு எச்1என்1 ஃப்ளூ வைரஸின் நியூக்ளியோபுரத மரபணுவை பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.வில் ஏற்றி, சுண்டெலிகளின் தொடைத் தசையில் ஊசி வழியே செலுத்தினார்கள். பிறகு அவற்றின் மூக்கில் விட்டதோ 1968இன் ஹாங்காங் எச்3என்2 வைரஸ். இடையில் 34 ஆண்டுகள், துணைவகையும் வேறு. ஆயினும் தடுப்பூசி பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. நியூக்ளியோபுரதம் வைரஸுக்கு உள்ளே இருப்பது. அதற்கு எதிரான ஆன்டிபாடி தொற்றைத் தடுப்பதில்லை. தொற்றுண்ட செல்களைக் கொல்லும் டி செல்களே இங்கு கைகொடுத்தன. வைரஸின் மேற்பரப்பில் மாறிக்கொண்டே இருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதத்தை ஆண்டுதோறும் துரத்திக் களைத்தவர்களுக்கு இது பெரும் செய்தி.

மனிதரிடம் சோதித்தபோது அந்தப் பலன் தளர்ந்தது. அதில் வியக்க ஒன்றுமில்லை என்பேன். 20 கிராம் சுண்டெலிக்கு நாம் 100 மைக்ரோகிராம் டி.என்.ஏ. கொடுக்கிறோம். அதே விகிதத்தில் 60 கிலோ மனிதருக்கு 300 மில்லிகிராம் வேண்டும்; கொடுப்பதோ சில மில்லிகிராம். தடுப்பூசிக்கு எடைக் கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் சுண்டெலியின் சின்னஞ்சிறு தசையில் திரவத்தின் அழுத்தமே டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் தள்ள உதவுகிறது. நம் தோள் தசையில் அது அவ்வளவாக நடப்பதில்லை. மேலும், ஆய்வகச் சுண்டெலி இனங்கள் பெரும்பாலானவற்றில் எம்எக்ஸ்1 என்னும் காப்பு மரபணு பழுதுபட்டது. அவை அதற்குமுன் ஃப்ளூவைக் கண்டதும் இல்லை. நாமோ குழந்தைப் பருவம் முதலே அதற்குப் பழகியவர்கள்.

ஃபெரட் என்னும் சிறு விலங்கோ சுண்டெலிக்கு நேர்மாறு. 1933இல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித ஃப்ளூ வைரஸைப் பிடித்தது அதனிடம்தான். காய்ச்சல் வரும், தும்மும், பக்கத்துக் கூண்டுக்கும் பரப்பும். ஆனால் விலை அதிகம். அதன் டி செல்களை அளக்கத் தேவையான ஆன்டிபாடிகளும் குறைவு. நியூக்ளியோபுரதத் தடுப்பூசியின் உயிர்நாடியே டி செல்தான் என்னும்போது, இது எவ்வளவு பெரிய இடைஞ்சல்!

செலுத்தும் வழியும் சிறிய விஷயமல்ல. 2021 ஆகஸ்டில் இந்தியா அவசர அனுமதி அளித்த சைகோவ்-டி கொரோனாவுக்கானது. மனிதருக்கென அனுமதி பெற்ற முதல் டி.என்.ஏ. தடுப்பூசி. அது ஊசியின்றி, திரவப் பாய்ச்சலின் அழுத்தத்தால் தோலுக்குள் சென்றது.

ஆகவே இன்றும் நாளையும் கட்டுரை படிப்போரிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை விலங்குகள் பிழைத்தன என்பதோடு நிறுத்தாதீர்கள். சோதனைக்குக் கொடுத்த வைரஸின் அளவையும், எடை இழப்பையும், நுரையீரலில் மிஞ்சிய வைரஸையும் சொல்லுங்கள். முன்பே ஃப்ளூ கண்ட விலங்குகளிலும், முதிய விலங்குகளிலும் சோதித்துப் பாருங்கள். பலிக்காத சோதனைகளையும் இந்த அவையின் முன் வையுங்கள். அவற்றுக்கும் கேள்வி நேரம் தருகிறேன்.