விளக்கை மாற்றுவோம், பிள்ளையை ஒதுக்க வேண்டாம்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர் பிரதிநிதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை சர்வதேச வலிப்பு நோய் தினம். இந்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். இன்னொரு காரணமும் இருக்கிறது. மாசி பிறந்தால் காமன் கூத்து, அதைத் தொடர்ந்து பங்குனி, சித்திரையில் தேர்த் திருவிழா என்று நம் தோட்டங்கள் களைகட்டும் காலம் வருகிறது. கமிட்டிகள் பந்தல்காரருக்கும் லைட்காரருக்கும் முன்பணம் கொடுக்கும் நேரம் இது. சொல்ல வேண்டியதை இப்போதே சொன்னால்தான் பயன்.

சம்பளமும் வீடும் காணியும் பேசுகிற மேடையில் நோயைப் பற்றிப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். வலிப்பு வந்த ஒரே காரணத்துக்காக வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு முறிந்துவிடும் என்று மருந்தையே ஒளித்துச் சாப்பிடும் பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே இது நம் சங்கத்தின் விஷயம்தான்.

முதலில் இந்த நோய் என்னவென்று பார்ப்போம். நம் மூளையில் உள்ள கோடிக்கணக்கான கலங்கள் மிகச் சிறிய மின்சாரத் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் வேலையைத் தன் நேரத்தில் செய்கிறது. திடீரென்று அவற்றில் பெருந்தொகையானவை ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடித்தால், அதுதான் வலிப்பு. பேய் இல்லை, செய்வினை இல்லை, முன்னோர் பாவமும் இல்லை. தொட்டால் ஒட்டாது, எச்சில் பட்டாலும் ஒட்டாது. உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாக மருந்து எடுத்தால் நூற்றில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

எல்லா வலிப்பும் கீழே விழுந்து கைகால் இழுப்பதாக வராது. சில பிள்ளைகள் பத்துப் பதினைந்து விநாடி அப்படியே வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் கேட்காது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதத் தொடங்குவார்கள். வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெயர் "கனவு காண்கிறவன்", "சோம்பேறி". அடிக்கடி இப்படி நடந்தால் அடிக்காதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள் என்று பாடசாலையில் கற்பிக்கும் நாங்கள் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்லி வருகிறோம்.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புத் துண்டையோ சாவியையோ திணிப்பது நம் லயங்களில் இன்னும் நடக்கிறது. இரும்பு கொடுத்ததும் நின்றது என்கிறோம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்து வரும்போது நிற்கும் நேரம் வந்துவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. சாவியால் நன்மை இல்லை. வாய்க்குள் கரண்டியைத் திணிப்பதோ பல்லை உடைக்கும், தாடையைக் காயப்படுத்தும், மூச்சையும் அடைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பக்கத்தில் உள்ள கத்தி, கல், அடுப்பு ஆகியவற்றிலிருந்து அவரைக் காப்பாற்றுங்கள். தலைக்குக் கீழே ஒரு துணியை மடித்து வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக ஏதும் இருந்தால் தளர்த்துங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். இழுப்பு நின்றதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடிந்துவிடும். முழு நினைவு வரும்வரை தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள், தனியே விட்டுப் போகாதீர்கள். தொடங்கிய நேரத்தை யாராவது ஒருவர் பார்த்து வைக்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒன்று நின்று நினைவு வருமுன் அடுத்தது வந்தாலோ, முதல் தடவை வந்த வலிப்பு என்றாலோ, கர்ப்பிணி என்றாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். அந்தச் சேவைக்குக் காசு இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்துக்கு ஏறும் பாதை மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். டோர்ச்சோடு ஒரு இளைஞரை மெயின் ரோட்டுச் சந்திக்கு அனுப்புங்கள்.

இனி வெளிச்சத்தின் கதைக்கு வருவோம்.

1997 டிசம்பர் 16, ஜப்பான் நாடு. மாலை நேரம், பிள்ளைகள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து போக்கிமோன் என்ற கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காட்சியில் திரை முழுவதும் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு தடவை அளவில் மாறி மாறி வெட்டியது. சில விநாடிகள்தான். அன்று இரவு 600க்கும் அதிகமானவர்கள் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலருக்குத் தலைவலியும் வாந்தியும், பலருக்கு வலிப்பு. அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை.

இது ஏன் நடக்கிறது? தப்பு அடிக்கத் தொடங்கினால் கூட்டத்தில் நிற்பவர்களின் கால்கள் தம்மை அறியாமல் ஒரே தாளத்துக்கு வந்துவிடும், பார்த்திருக்கிறோம். சிலருடைய மூளையில் வெளிச்சமும் அப்படித்தான் வேலை செய்கிறது. விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை வெட்டும் வெளிச்சம், பின்தலையில் உள்ள பார்வைக்குரிய கலங்களை ஒரே தாளத்துக்கு இழுத்து, வலிப்பைக் கிளப்பிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் வெளிச்சத்தால் வலிப்பு வரும். பிள்ளைகளிலும் இளவயதினரிலும்தான் இது அதிகம். ஆகவே வலிப்பு உள்ள எல்லோரையும் டிவி பார்க்காதே, திருவிழாவுக்குப் போகாதே என்று தடுப்பது அநியாயம். பெரும்பாலானோருக்கு வலிப்பை வரவழைப்பவை வேறு: மருந்தைத் தவறவிடுவது, தூக்கம் இல்லாமை, காய்ச்சல், மதுபானம்.

ஆனால் நம் திருவிழா இரவை யோசித்துப் பாருங்கள். விடிய விடியக் கண்விழிப்பு. கூட்டத்தில் ராத்திரி மருந்து மறந்துபோகிறது. இளைஞர்கள் கொஞ்சம் குடித்தும் இருப்பார்கள். இத்தனைக்கும் மேலே பாட்டுக் கோஷ்டி மேடையில் வெட்டி வெட்டி எரியும் டிஸ்கோ லைட். எல்லாம் ஒரே இரவில் கூடுகின்றன.

ஜப்பானில் என்ன செய்தார்கள்? பிள்ளைகளை டிவி பார்க்க வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. 1998இல் ஒளிபரப்பு நிலையங்கள் வெளிச்சம் வெட்டும் வேகத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. ஃபேக்டரியில் மெஷினில் கை அகப்பட்டால் நாம் என்ன கேட்கிறோம்? மெஷினுக்கு மூடி போடு என்கிறோம். கை உள்ளவனை வேலைக்கு வராதே என்று சொல்ல விடுவதில்லை. அதே நியாயம்தான் இங்கும்.

ஆகவே ஒவ்வொரு திருவிழாக் கமிட்டியிடமும் நாம் கேட்பது இது. லைட்காரரிடம் பேசும்போதே, வெட்டி வெட்டி எரியும் லைட் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிறம் மாறட்டும், மெதுவாக மாறட்டும். இதற்கு ஒரு சதமும் கூடச் செலவில்லை. பாடசாலைக் கலைவிழா மேடைக்கும் இதே சொல்தான்.

வீட்டில் டிவியை இருட்டில் பார்க்க வேண்டாம், காம்பராவில் விளக்கு எரியட்டும். பிள்ளைகள் திரைக்கு மிக அருகில் உட்காராமல் எட்டி உட்காரட்டும். ஃபோன் கேமுக்கும் இடையிடையே ஓய்வு வேண்டும். கண் முன்னால் திடீரென வெளிச்சம் வெட்டத் தொடங்கினால், வெளிச்சத்தால் வலிப்பு வருகிற பிள்ளை ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு கண்ணையும் சும்மா மூடினால் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும். பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கிடையே வெயில் விட்டு விட்டு அடிப்பதும் இதே வேலையைச் செய்யும். அந்தப் பிள்ளைக்கு நிழல் பக்கத்து சீட்டைக் கொடுங்கள்.

வலிப்பு உள்ளவர் தனியாகப் பீலிக்கரைக்குக் குளிக்கப் போக வேண்டாம், ஒரு துணை போகட்டும். விறகடுப்பில் தனியாகச் சமைக்கும் வேலையை வீட்டிலுள்ள மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றி ஒரே ஒரு சொல். வலிப்பு வருவது நின்றுவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். வராமல் இருப்பதே மருந்தால்தான். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரலாம். கல்யாணம் செய்யவோ பிள்ளை பெறவோ இருக்கும் பெண்கள் அதை முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லுங்கள். சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, அவற்றை அவர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கிளினிக் போக ஒரு நாள் போகிறது. அன்றைக்குப் பேர் இல்லை, பஸ் காசு வேறு. இப்படி இரண்டு மாதம் தவறினால் மருந்து தவறுகிறது, மருந்து தவறினால் மலையில் கொழுந்துக் கூடையோடு விழுகிறார். விழுந்தவரைப் பார்த்து "இவருக்கு வேலை கொடுக்க முடியாது" என்கிறது நிர்வாகம். இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்க வேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். செங்குத்தான மலையும் ரோலர் மெஷினும் ஆபத்து என்று டொக்டர் எழுதிக் கொடுத்தால், சம்பளம் குறையாமல் வேறு வேலை தர வேண்டும். இந்த இரண்டு கோரிக்கைகளையும் தோட்டத் தலைவர்கள் தத்தம் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பாடசாலைக்கு வருவோம். இந்த நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வலிப்பு அதற்கு விதிவிலக்கு இல்லை. வீட்டில் நிறுத்தப்பட்ட பிள்ளை உங்கள் லயத்தில் இருந்தால் தலைவியிடம் சொல்லுங்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து பேசுகிறோம், வகுப்பு ஆசிரியரிடமும் பேசுகிறோம்.

தலைவர்களே, தலைவிமார்களே, இன்று வீட்டுக்குப் போகுமுன் இங்கே மூன்று விஷயங்களை முடிவு செய்வோம். திருவிழா லைட்டைப் பற்றிய நிபந்தனை, நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதம், ஒவ்வொரு டிவிஷனிலும் முதலுதவி தெரிந்த இரண்டு பேர். அந்த இரண்டு பேரின் பெயரை இந்தக் கூட்டம் முடிவதற்குள் எழுதித் தாருங்கள். தேர் வருகிற பாதையில், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து, வலிப்பு உள்ள நம் பிள்ளையும் வடம் பிடிக்கட்டும்.