குழாய்க்கு ‘ஹாலிடே’ ஆகாது



செம்பரம்பாக்கத்தில் 2007-ல் திறந்த சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போவது 2 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாயில். ஆள் நிமிர்ந்து நடக்கலாம்!

இத்தகைய குடிநீர்க் குழாய்க்கு உள்ளே வழக்கமாகச் சிமெண்ட் கலவை பூசுவார்கள். சிமெண்ட் தண்ணீரைத் தடுக்கிறது என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். அதில் தண்ணீர் ஊறத்தான் செய்யும். ஊறிய நீர் காரமாகி, பி.எச். 12-ஐ எட்டும். அந்தக் காரத்தில் எஃகின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகித் துருவை நிறுத்துகிறது. மயிரிழை விரிசல்கூட ஈரத்தில் தானே மூடிக்கொள்ளும்.

வெளிப்பூச்சுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எபாக்சியோ பாலிஎதிலீனோ, அது வெறும் தடுப்புதான். ஓர் ஊசித்துளை இருந்தால் துரு அங்கேயே குடைந்து ஓட்டை போடும். அந்தத் துளைக்கு ஆலையில் பெயர் ‘ஹாலிடே’. (மாணவர்கள் கைதட்ட வேண்டாம்!) பல ஆயிரம் வோல்ட் பாயும் பிரஷ்ஷைப் பூச்சின்மேல் ஓட்டினால், துளை உள்ள இடத்தில் பொறி பறக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தரச்சோதனை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. பள்ளத்தில் பற்றவைத்த மூட்டுக்கு எபாக்சி பூசும்போது, எஃகின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்கணும். ஐப்பசிக் காலையில் அது சுலபத்தில் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும், பூச்சு உரிந்து வரும். “பள்ளத்தை மூடணும், கையெழுத்துப் போடுப்பா” என்று நச்சரிப்பார்கள். மீட்டர் 3 காட்டுகிறவரை பேனாவை எடுக்காதீர்கள். மூடிய பிறகு தோண்டிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள்.