காய்ச்சலும் கழனியும்



கொள்ளிடத்தின் வடகரையில், ஒருபுறம் சமயபுரமும் மறுபுறம் திருவெள்ளறையும் அண்டையாக அமைய, நெல்வயல்களும் அரிசி ஆலைகளும் சூழ்ந்து விளங்கும் இந்த மண்ணச்சநல்லூர் வட்டாரத்தில் நின்றுகொண்டு தொற்றுநோய் வைத்தியத்தைப் பற்றிப் பேசும் எவனும், தன் பக்தர்களுக்காகத் தானே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் மாரியம்மனை நினையாமல் பேச்சைத் தொடங்க இயலாது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அயலார் உள்ளே வராமல் காத்த நம் பாட்டிமாரின் ஆசாரத்தில், பக்தியோடு நோயாளியைத் தனிமைப்படுத்தும் விவேகமும் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். கிண்டியில் 1899-இல் ஏற்பட்ட கிங் நிறுவனம் தயாரித்த அம்மைப்பாலைக் குத்திக்கொண்டவர்களும் ஆடி மாதம் கூழ் வார்க்கத் தவறவில்லை. பெரியம்மை 1975-இல் இந்நாட்டை விட்டு அகன்றது. 1980-இல் உலகத்தையே விட்டு நீங்கியதாக உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது.

அம்மை போயிற்று, காய்ச்சல் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் வந்து படுக்கும் காய்ச்சல்காரர்களுள் ஒருவரை மனத்திலே நிறுத்திப் பாருங்கள். ஐந்தாறு நாளாகக் காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி, சிறிது இருமல். டெங்குவா, டைபாய்டா, எலிக் காய்ச்சலா என்று சோதனைச் சீட்டுகள் பறக்கின்றன. எல்லாம் இல்லை என்றே திரும்பி வருகின்றன. அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த வேளையில் ஆடையை விலக்கி, அக்குளிலும் அரையிலும் மார்பகத்தின் அடியிலும் காதின் பின்புறத்திலும் தலைமயிருக்குள்ளும் பொறுமையாகத் தேடுகிற வைத்தியருக்கு, சிகரெட் சுட்ட வடுவைப்போல் கறுத்த ஒரு பொருக்கு தென்படலாம். அது வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை; ஆகையால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. புதரிலும் வரப்போரத்துப் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடம் அது. ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலின் முத்திரை அதுவே. அது எல்லோரிடமும் தோன்றுவதில்லை. ஆயினும் தோன்றியவரிடத்திலே தேடாமல் விட்டுவிடுவதற்கு அது ஒரு நியாயமாகாது. காலத்தில் கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை, பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சலைத் தணித்துவிடும்.

காலம் கடந்தவர்களுக்கு என்ன செய்வது என்ற வினாவுக்கும் நம் பக்கத்திலிருந்தே விடை கிடைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் அவர்களின் தலைமையில், இந்திய மருத்துவமனைகள் சில ஒன்றுசேர்ந்து, கடுமையான உண்ணிக் காய்ச்சல் கண்ட ஏறக்குறைய 800 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் கூட்டி நரம்பின் வழியே செலுத்துவது, எந்த ஒன்றையும் தனியே செலுத்துவதினும் மேலானது என்று நிரூபித்தது. பல பத்தாண்டுகளாக வழக்கத்தால் மட்டுமே நடந்துவந்த ஒரு சிகிச்சையை, நோயாளிகள் மிகுந்த நாட்டிலேயே கேள்வி கேட்டுச் சோதித்தார்கள் என்பதே எனக்கு அதில் விசேஷமாகப் படுகிறது.

இப்படிப்பட்ட துணிவு இந்த மாகாணத்துக்குப் புதிதன்று. க்ஷயரோகிகளைச் சானடோரியத்திலே வைத்து ஓய்வும் போஷாக்கும் அளித்தாலன்றிக் குணமில்லை என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையம், நெருக்கமான குடிசையில் அரைவயிற்றுச் சோற்றோடு வாழ்ந்த ஏழைகளுக்கு வீட்டிலேயே மருந்தளித்து, சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டது. குணமாவதில் பெரிய வேற்றுமை இல்லை என்றும், வீட்டாருக்கு அதனால் நோய் அதிகம் தொற்றிவிடவில்லை என்றும் கண்டது. 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகமெங்கும் சானடோரியக் கதவுகளைச் சாத்துவதற்குப் பெரிதும் காரணமாயிற்று.

இந்த மரபைத் தொடர விரும்புவோருக்கு, எம்.டி. முடித்தபின் மேலும் மூன்றாண்டு பயின்று தொற்றுநோய்த் துறையில் டி.எம். பட்டம் பெறும் வாய்ப்பு, வேலூர், தில்லி போன்ற சில இடங்களிலேயே கிட்டுகிறது. அவ்வாறு பயில்வோருக்கு ஆய்வுக்கூடமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் போதிய அளவு கற்பிக்கின்றன. கழனியைத்தான் எவரும் கற்பிப்பதில்லை என்பது என் மனக்குறை. நோயாளியின் தொழில் என்ன, எந்த வயலில் இறங்கினார், வீட்டில் எலி உண்டா, மாடு கன்று ஈன்றதா என்று விசாரிக்கத் தெரியாதவருக்கு மெலியாய்டோசிஸ் என்ற நோய் ஒருநாளும் அகப்படாது. 1912-ஆம் ஆண்டு, ரங்கூனில் அதுவரை எவரும் அறியாதிருந்த இந்நோயை அறிவித்த கட்டுரையில், விட்மோர் என்ற ஆங்கிலேயரின் பெயரோடு கிருஷ்ணசாமி என்ற நம்மவர் ஒருவரின் பெயரும் சேர்ந்தே இருந்தது. பின்வந்தோர் நோய்க்கு விட்மோரின் பெயரை மட்டும் சூட்டிவிட்டார்கள்! நெல்வயலின் சேற்றிலும் நீரிலும் வாழும் அந்தக் கிருமி, குறிப்பாக நீரிழிவுள்ள உழவர்களைப் பற்றுகிறது. நுரையீரலில் தங்கிக் க்ஷயம்போல் நடித்து, பயனற்ற க்ஷய மருந்தை மாதக்கணக்கில் விழுங்க வைக்கிறது. இன்னதென்று தெரிந்துவிட்டால், நரம்பு வழியே முதலில் இரண்டு வாரமேனும் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம், பின்னர் மூன்று மாதம் மாத்திரை என்று வழி இருக்கிறது.

தெரிவதுதான் கடினம். வளர்ப்புத் தட்டில் அக்கிருமி முளைத்தாலும், சூடோமோனாஸ் இனத்தில் ஏதோ ஒன்று என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்கு என்றோ அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆதலால், இன்று பட்டம் பெறும் இளம் வைத்தியர்களே, நீங்கள் எந்தச் சிற்றூரின் ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும், ரத்தத்தையோ சீழையோ அனுப்பும்போது சோதனைச் சீட்டில் வெறுமனே ‘காய்ச்சல்’ என்று எழுதாமல், ‘நீரிழிவுள்ள விவசாயி, மழைக்காலம், நடவு வேலை, மெலியாய்டோசிஸ் இருக்கலாமெனச் சந்தேகம்’ என்று முழுமையாக எழுதுங்கள். மறுநாள் நண்பகலில் நீங்களே நுண்ணுயிரியல் கூடத்துக்கு நடந்து சென்று, அங்கே பணிபுரிபவரின் அருகில் நின்று, அந்தத் தட்டில் என்ன முளைத்திருக்கிறது என்று கேளுங்கள்.