நுண்பாசி: தூய்மையா, எரிபொருளா?



தேங்கிய குளத்து நீர் பச்சை நிறம் கொள்வதைக் கண்டிருப்பீர்கள். அந்நிறம் பெரும்பாலும் நுண்பாசியினால் வருவது. அதனைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்யலாம், எரிபொருளும் ஆக்கலாம். இவ்விரண்டில் எதனை முதற்பயனாகக் கொள்வது என்பதே நாம் இன்று ஆராயும் வினா.

நம் செம்பனை ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் கச்சா எண்ணெய் எடுக்கையில் ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியேறுகிறது. அஃது அப்படியே ஆற்றில் கலந்தால், அதனைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும், மீன்கள் மடியும். இதனைத் தடுக்கவே மலேசியாவில் 1977ஆம் ஆண்டு தனி ஒழுங்குமுறை விதிகள் இயற்றப்பட்டன.

நுண்பாசி இங்கு எவ்வாறு உதவுகிறது? பாக்டீரியாக்கள் வெளிவிடும் கரிவளியைப் பாசி கதிரவன் ஒளியில் ஏற்று, உயிர்வளியைத் திருப்பித் தருகிறது. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தன் உணவாக்கிக் கொள்கிறது. கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே இவ்வுறவை அடிப்படையாகக் கொண்டு ஆழமற்ற குளங்களை வடிவமைத்தார். ஆயினும் ஆலைக் கழிவுநீர் கரும்பழுப்பானது. ஒளி அதனுள் புகாது. ஆகவே உயிர்வளியற்ற குளங்களில் அதனை முதலில் சிதைத்து, மீத்தேன் வாயுவைப் பிரித்த பின்னரே பாசிக்கு இடமுண்டு.

எரிபொருளின் நிலை வேறு. 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு பாசி எண்ணெயை ஆராய்ந்தது. செய்ய இயலும், ஆனால் பெட்ரோலிய விலையோடு போட்டியிட இயலாது என்பதே முடிவு. திறந்த குளத்தின் ஒரு லிட்டர் நீரில் உலர்ந்த பாசி பெரும்பாலும் ஒரு கிராம்கூடத் தேறாது. அதனைப் பிரிக்கவும் உலர்த்தவும் பெரும் ஆற்றல் செலவாகிறது. எரிபொருளுக்காக மட்டும் வளர்த்தால் கணக்கு நட்டத்தில் முடியும்.

கழிவுநீரில் வளர்த்தாலோ கணக்கு மாறுகிறது. பாசியை அகற்றாமல் நீரை ஆற்றில் விட்டால், அப்பாசியே மடிந்து அழுகி மீண்டும் மாசாகும். எனவே நீரின் தூய்மைக்காகவே அறுவடை செய்தாக வேண்டும். அச்செலவைத் தூய்மைப் பணி ஏற்றுக்கொள்ள, ஈரப்பாசியை உலர்த்தாமலே நொதிக்கச் செய்து மீத்தேன் பெறலாம்.

ஆகவே தூய நீரே முதற்பயன்; எரிபொருள் துணைப்பயன். மாணவர்களே, புதிய எரிபொருளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அதனை ஆக்கச் செலவாகும் ஆற்றல் எவ்வளவு, அதிலிருந்து பெறும் ஆற்றல் எவ்வளவு என்று கேளுங்கள். அக்கேள்வியைத் தமிழிலேயே எழுப்ப ஆசிரியர்கள் பழக்க வேண்டும்.