இலையின் ஓரம் சிவக்கும் நேரம்

எல்கடுவ மலையில் கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா, மொட்டு விரிந்து முடிந்த கிளையிலிருந்து முற்றிய இலைகளை மூன்று நான்காகக் காம்போடு ஒடித்துக் கூடையில் போட்டால் என்ன நடக்கும்? மடுவத்தில் நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கொழுந்தைக் கிளறிப் பார்ப்பார். "இதென்ன, எல்லாம் முத்தல்!" என்பார். பொறுக்கி வீசச் சொல்லுவார். இரண்டு இலை, ஒரு மொட்டு என்பதுதானே நம் மலைகளில் தலைமுறை தலைமுறையாக வந்த சட்டம்.

சீனாவில் ஃபூஜியன் மாகாணத்தில் வூயி என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அங்கேயும் இதே செடிதான், இதே வேலைதான். ஆனால் தளிரை அவசரப்பட்டுக் கிள்ளமாட்டார்கள். மொட்டு விரிந்து, கிளையின் வளர்ச்சி நின்று, மூன்று நான்கு இலைகள் தடித்த பிறகுதான் கை வைப்பார்கள். நம் மடுவத்தில் வீசப்படுகிற இலை அங்கே நல்ல விலைக்குப் போகிறது. அந்த இலையில் செய்வதுதான் ஊலோங் தேயிலை. அதை எப்படிச் செய்கிறார்கள், எப்படி ஊற்றுகிறார்கள், எப்படிக் குடித்துப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தேயிலையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லாத் தேயிலையும் ஒரே செடியிலிருந்து வருவதுதான். பறித்த இலை வாடும்போதும் கசங்கும்போதும் அதன் சாறு காற்றோடு சேர்கிறது. இலையிலேயே இருக்கிற நொதிகள் வேலை செய்யத் தொடங்குகின்றன; பச்சை செம்பாகி, செம்பு கபிலமாகிறது. இதில் நுண்ணுயிர் எதற்கும் வேலையில்லை. பறித்த உடனேயே இலையைச் சூடாக்கி அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டால் பச்சைத் தேயிலை. உருட்டும் இயந்திரத்தில் இலை முழுவதையும் நசுக்கி, மாற்றத்தை இறுதிவரை ஓடவிட்டால் நம் கறுப்புத் தேயிலை. இரண்டுக்கும் நடுவே எங்கேயாவது நிறுத்தினால் ஊலோங். அந்த "எங்கேயாவது" பத்து வீதமாகவும் இருக்கலாம், எழுபது வீதத்தைத் தாண்டியும் போகலாம். ஃபூஜியனின் தெற்கே ஆன்ஷி என்ற இடத்தில் செய்கிற தியேகுவான்யின் இன்று பெரும்பாலும் இளம்பச்சை, பூ மணக்கும். வூயி மலை ஊலோங் கறுத்து நீண்டு முறுகியிருக்கும். கரி நெருப்பில் மெல்ல வாட்டி எடுத்த மணம் அதற்கு.

நடுவில் நிறுத்துவது சொல்லத்தான் இலகு. இலையை முதலில் வெயிலில் கொஞ்சம் வாட்டுவார்கள், பிறகு நிழலில். அதன் பின் வட்டமான மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். இலைகள் ஒன்றோடொன்று உரசி ஓரங்கள் மட்டும் காயப்படும். ஒன்றரை மணி நேரம் சும்மா விடுவார்கள். மறுபடி குலுக்கல், மறுபடி ஓய்வு. பெரும்பாலும் இது இரவு வேலை. நடு இலை பச்சையாக இருக்க, ஓரத்தில் சிவப்புக் கரை ஓடும். புல் மணம் மறைந்து பூ மணமோ பழ மணமோ எழும். அந்த நேரத்தில் சூடான தாச்சியில் போட்டுக் கிளறி நிறுத்த வேண்டும். அரை மணி முந்தினால் பச்சை வாடை மிஞ்சும். பிந்தினால் கறுப்புத் தேயிலையின் பக்கம் சாய்ந்துவிடும். அந்தக் கணத்தை மூக்கால்தான் பிடிக்கிறார்கள். முற்றிய இலை ஏன் தேவை என்பதும் இங்கேதான் விளங்கும். தளிர் இத்தனை குலுக்கலைத் தாங்காது, நைந்துவிடும். எல்லா ஊலோங்கும் அப்படியென்று சொல்வதற்கில்லை. தாய்வானில் ஒரு வகை இருக்கிறது. இளந்தளிரில், அதுவும் தத்துப்பூச்சி கடித்த தளிரில்தான் அதைச் செய்கிறார்கள். பூச்சி கடித்ததால் செடி சுரக்கிற பொருட்கள்தான் அதன் தேன் மணத்துக்குக் காரணம்.

நம் நாட்டுத் தேயிலைக் கதையிலும் சீனா ஒரு மூலையில் நிற்கிறது. 1824-இல் பேராதனைத் தோட்டத்துக்கு வந்த தேயிலைச் செடி சீனாவிலிருந்து வந்தது. 1841-இல் டி வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் சீனச் செடிகளைக் கொண்டுவந்து புசல்லாவையில் தங்கள் ரொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார்கள். தேயிலை செய்யவும் பார்த்தார்கள். செலவுக்குக் கட்டுபடியாகவில்லை. அப்போது கோப்பிதான் ராஜா. மன்னாரில் இறங்கி, தம்புள்ளைக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர்கள் கோப்பிக்காகத்தான் வந்தார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, அவருக்குத் தொழிற்சாலை அவருடைய பங்களா விறாந்தைதான். மேசையில் கையால் உருட்டி, கரி அடுப்பில் காயவைத்தார்கள். இலங்கைத் தேயிலை கையால் தொடங்கியது என்பதை இன்றைய இயந்திரச் சத்தத்தில் மறந்துவிடுகிறோம்.

1869-ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கோப்பியைக் கொன்ற இலைத்துரு நோய் அந்த ஆண்டில்தான் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜோன் டொட் என்ற பிரித்தானிய வணிகர் தாய்வானிலிருந்து ஊலோங் தேயிலையைக் கப்பலேற்றி நியூயோர்க்குக்கு அனுப்பினார். அவர் சந்தை தேடியது கையால் செய்த இலைக்கு. கோப்பி செத்த பிறகு நாம் போனது இயந்திரத்துக்கும் நிறைக்கும். நல்ல இலை கப்பலேறியது, லயத்து அடுப்புக்குத் தூள் வந்தது. தூளை நான் குறை சொல்லவில்லை. பாலும் சீனியும் சேர்த்த விடியற்காலைத் தேத்தண்ணிக்குத் தூளுக்கு நிகரில்லை. ஆனால் தேயிலை என்றாலே சாயம்தான் என்று நம் நாக்கு பழகிவிட்டதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

சரி, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் யாரோ ஒரு சின்னப் பொதி ஊலோங் கொண்டுவந்து தந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாத்தளைக் குசினியில் அதற்கு முதல் எதிரி நம் வாசனைத் திரவியங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கிற மணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். ஏலம், கறுவா, கராம்பு இருக்கிற அலுமாரியில் ஒரு கிழமை வைத்தால் ஃபூஜியன் போய் ரத்தோட்டை வந்துவிடும். இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில், வேறு தட்டில் வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். இந்த ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு விதமான தண்ணீர் இருப்பதுதான் மாத்தளையின் விசேஷம். ரிவர்ஸ்டன், கம்மடுவப் பக்கம் பீலித் தண்ணீர் மென்மையானது. தேயிலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வடக்கே கலேவெல, தம்புள்ளைக்கு இறங்கினால் உலர் வலயம், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணம் கூட. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதுதான். அந்தத் தண்ணீரில் ஊலோங் ஊற்றினால் நிறம் மங்கும், மணம் அமுங்கும், மேலே ஆடை படரும். அங்கே இருப்பவர்கள் மழைத் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ பாவிக்கலாம்.

பச்சைத் தேயிலைக்குத் தண்ணீரை ஆறவிட்டு ஊற்றச் சொல்வார்கள். ஊலோங்குக்குக் கொதித்த உடனே ஊற்றலாம். இறுக உருண்ட இலை விரிய அந்தச் சூடு வேண்டும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு பாகை குறையும். ஆயிரம் மீட்டர் உயரத்துத் தோட்டத்தில் 97 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். அதனால் மலையில் இருப்பவர்கள் பாத்திரத்தை முதலில் கொதிநீரால் கழுவிச் சூடாக்கிக்கொள்வது நல்லது.

பாத்திரம் சின்னதாக இருக்கவேண்டும். சீனர்கள் கைக்குள் அடங்கும் மண் கூசாவோ மூடியுள்ள பீங்கான் கிண்ணமோ வைத்திருப்பார்கள். நமக்கு ஒரு சின்னப் பீங்கான் கோப்பையும் மூட ஒரு சோசரும் போதும். நூறு, நூற்றிருபது மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஐந்து கிராம் இலை. இவ்வளவா என்று கை தயங்கும், தயங்கவேண்டாம். அதே இலை ஆறு ஏழு தடவை ஊற்றக் காணும். முதல் தண்ணீரை ஊற்றி ஐந்து வினாடியில் வடித்துக் கொட்டிவிடுங்கள்; இலை விழித்துக்கொள்ளும். அடுத்தது பதினைந்து, இருபது வினாடி. அதைக் குடியுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து வினாடி கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீர்தான் அடுத்த கோப்பையைக் கசக்க வைக்கும். இத்தனை பாடு வேண்டாம் என்பவர்கள் இருநூறு மில்லிலீற்றர் தண்ணீரில் மூன்று கிராம் போட்டு மூன்று நிமிடம் மூடிவைத்தாலும் குடிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் பலமுறை ஊற்றிக் குடிப்பதில் இரண்டாவது கோப்பைக்கும் நான்காவது கோப்பைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். எனக்கு அதுதான் இந்தத் தேயிலையின் சுவையே.

குடித்துப் பார்ப்பதில் நமக்கும் ஒரு மரபு உண்டு. 1883 முதல் கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்குள்ள சுவைஞர்கள் கோப்பைகளை வரிசையாக வைத்து, நூறு மில்லிலீற்றருக்கு இரண்டு கிராம் கணக்கில் நிமிடக்கணக்காக ஊறவைத்து, கரண்டியால் எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சித் துப்புவார்கள். உறிஞ்சும்போது காற்றோடு மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கைத் தொடும். அத்தனை நேரம் ஊறவைப்பது இலையின் குற்றத்தை வெளியே இழுக்கத்தான். ஊலோங் குடிப்பவர் உறிஞ்சுவதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், துப்பத் தேவையில்லை. முதலில் மூடியின் உட்புறத்தை முகர்ந்து பாருங்கள். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். கொஞ்சம் துவர்க்கும், பிறகு நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையிலிருந்து இனிப்பு ஏறும். கோப்பை காலியான பிறகும் ஒருமுறை முகருங்கள். சூடு இறங்க இறங்க மணம் மாறும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் இதில் எதுவும் பிடிபடாது. கருப்பட்டி வெறுந்தேத்தண்ணிக்கே இருக்கட்டும்.

ஊலோங் உடம்பை இளைக்க வைக்கும் என்று விளம்பரங்கள் சொல்லும். நம்பிக் காசைக் கொட்டவேண்டாம். இதிலும் கஃபீன் இருக்கிறது, இரவில் நித்திரையைக் கெடுக்கும். சாப்பிட்ட கையோடு எந்தத் தேயிலையைக் குடித்தாலும் மரக்கறி, தானியங்களில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். இரத்தச் சோகை அதிகமுள்ள தோட்டப் பெண்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது.

மாத்தளையில் ஊலோங் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். செடி இருக்கிறது, மலை இருக்கிறது, இலையைத் தொட்டே அதன் பக்குவம் சொல்லும் கைகள் இருக்கின்றன. தடை வேறிடத்தில். ஒரு நாள் பேர் விழவேண்டுமென்றால் இத்தனை கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறோம். கிலோவுக்கு ஓடுகிற கை இலையைத் தேர்ந்தெடுக்க நிற்காது. இரவில் நாலைந்து தடவை எழுந்து குலுக்குவதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. ஊவாவில் அம்பதண்டேகமவின் அம்பா தோட்டம்போல் சில இடங்களில் கையால் உருட்டிய தேயிலை செய்து விற்கிறார்கள். பெரிய கம்பனிகள் அந்த வழிக்குச் சீக்கிரம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. உக்குவளையிலோ ரத்தோட்டையிலோ சொந்தமாகக் கால் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அவர்களுக்காக ஒரு வழி. மாசி, பங்குனியில் மழை விட்டிருக்கும்போது, அண்மையில் மருந்து அடிக்காத செடியாகப் பார்த்து, பனி காய்ந்த பிறகு விரிந்த இலையாக ஒரு கிலோ எடுங்கள். இளவெயிலில் பளபளப்புப் போகும்வரை இருபது முப்பது நிமிடம் வாட்டுங்கள். ஒரு மணி நேரம் நிழல். அப்புறம் சுளகில் போட்டு மெதுவாகக் குலுக்குங்கள். அரிசி புடைக்கத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரை மணிக்கு ஒருமுறை, நாலைந்து தடவை. ஓரம் சிவந்து பூ மணம் வந்ததும் எண்ணெய் வாடை இல்லாத தடித்த தாச்சியில், நல்ல சூட்டில், பச்சை வாடை போகும்வரை கிளறுங்கள். சுத்தமான துணியில் கட்டி உருட்டி, பிரித்து, மீண்டும் உருட்டி, இளஞ்சூட்டில் காம்பு படக்கென்று ஒடியும்வரை காயவையுங்கள். ஒரு கிலோ கொழுந்துக்கு இருநூறு கிராம் அளவில் தேயிலை கிடைக்கும். முதல் தடவை பெரும்பாலும் ஊலோங்காக வராது. ஓரம் சிவக்காத பச்சைத் தேயிலையாகவோ, மிஞ்சிச் சிவந்த கறுப்புத் தேயிலையாகவோ வரும். சிவந்துபோனதைச் சீனி போட்டு வெறுந்தேத்தண்ணியாகக் குடித்துவிடலாம்.